டிக்கெட் பிறகு, ஹிரகானா முதலில்!

ஜப்பானுக்குப் போய் ஜப்பானிய மொழி படிக்க ஆசைப்படும் கல்லூரி மாணவரா நீங்கள்? புறப்படுவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் செய்து முடிக்க வேண்டியவை இவை.

சென்னையில் ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஜப்பானிய மொழிக்கு உரியவை. ஜூலை மாதத்தின் முதல் ஞாயிறும், டிசம்பர் மாதத்தின் முதல் ஞாயிறும் ஜே.எல்.பி.டி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு நடக்கும் நாட்கள். மையத்தின் வாசலில் கல்லூரி மாணவர்களும் ஐ.டி ஊழியர்களும் கார் தொழிற்சாலைப் பொறியாளர்களும் ஹால் டிக்கெட்டும் பென்சிலுமாக நிற்பார்கள். கடைசி நிமிடம் வரை கான்ஜி எனும் சீன வழி எழுத்துகளின் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பலருக்கு ஒரு கனவு உண்டு: ஒரு வருடமாவது ஜப்பானில் இருந்து அந்த மொழியைப் படிக்க வேண்டும்.

கதவு திறந்துதான் இருக்கிறது. 2024 மே நிலவரப்படி ஜப்பானில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் 3 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேல். 2033-க்குள் இதை 4 லட்சமாக உயர்த்துவது அந்நாட்டு அரசின் இலக்கு. ஆனால் 'எப்போது போகலாம்' என்று கேட்பவர்களே அதிகம். 'எவ்வளவு மொழியோடு போவது' என்று கேட்பவர்கள் குறைவு. இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஜப்பானில் கழியப்போகும் ஒரு வருடத்துக்கு என்ன பலன் கிடைக்கும் என்பதை, அதற்கு முன்பு இங்கே கழியும் ஒரு வருடம்தான் தீர்மானிக்கிறது.

மூன்று வழிகள்

கல்லூரி மாணவருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் செலவு வேறு, தகுதி வேறு, காலம் வேறு.

முதல் வழி, மாணவர் பரிமாற்றம். உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ ஒரு ஜப்பானியப் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தால் ஒரு பருவமோ ஒரு வருடமோ அங்கே படிக்கலாம். கட்டண விலக்கு உள்ள ஒப்பந்தமாக இருந்தால் இங்குள்ள கல்லூரிக்கு மட்டும் கட்டணம் கட்டினால் போதும். ஜாஸோ என்ற ஜப்பானிய மாணவர் சேவை அமைப்பு, பரிமாற்ற மாணவர்களுக்கு மாதம் 80,000 யென் உதவித்தொகை தருகிறது. யாருக்குத் தருவது என்பதை ஜப்பானியப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும். அந்தத் தொகைக்கு, மூன்றுக்கு 2.30 என்ற அளவில் மதிப்பெண் சராசரி வேண்டும். அரியர் குவிந்த மார்க் ஷீட்டோடு இந்தக் கதவைத் தட்ட முடியாது.

இரண்டாவது, மெக்ஸ்ட் எனப்படும் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் 'ஜப்பானிய ஆய்வு மாணவர்' உதவித்தொகை. சுமார் ஒரு வருடம், மாதம் 1,17,000 யென், கல்விக் கட்டணம் கிடையாது, விமான டிக்கெட்டும் அவர்களே தருகிறார்கள். மூன்று வழிகளிலும் சிறந்தது இதுதான். ஆனால் ஜப்பானிய மொழி அல்லது ஜப்பானியப் பண்பாட்டை முதன்மைப் பாடமாக எடுத்து இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டுமே இது உரியது. டெல்லி ஜே.என்.யூ, சாந்திநிகேதனின் விஸ்வபாரதி, ஹைதராபாத்தின் இஃப்ளூ போன்ற இடங்களில் படிப்பவர்கள் இதற்கு வழக்கமாகப் போட்டியிடுகிறார்கள். பொறியியல் படித்துக்கொண்டே மாலையில் ஜப்பானிய வகுப்புக்குப் போகும் தமிழக மாணவருக்கு இந்த வழி பொருந்தாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வருடம் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

மூன்றாவது, மொழிப்பள்ளி. பட்டப்படிப்பை முடித்தவர்களும், இடையில் ஒரு வருட இடைவெளி எடுக்க முடிந்தவர்களும் இந்த வழியில் போகிறார்கள். சேர்க்கை பெரும்பாலும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும். சில பள்ளிகள் ஜனவரி, ஜூலையிலும் சேர்க்கின்றன. ஆண்டுக் கட்டணம் தோராயமாக 7 முதல் 9 லட்சம் யென். அதிகபட்சம் இரண்டு வருடம் படிக்கலாம். மொழிப்பள்ளிகளுக்கான புதிய அங்கீகாரச் சட்டம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி அந்த அங்கீகாரம் பெற்றதா, அல்லது பெறும் நடவடிக்கையில் இருக்கிறதா என்று பள்ளியிடமே நேரடியாகக் கேளுங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு நாட்காட்டிகள் மோதும் இடம்

பலர் இடறுவது இங்கேதான். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. முதல் பருவம் ஜூலை இறுதி அல்லது ஆகஸ்ட் தொடக்கத்தில் முடியும். இரண்டாவது பருவம் செப்டம்பர் இறுதியில் ஆரம்பித்து பிப்ரவரி தொடக்கம் வரை போகும். நம் கல்லூரிகள் ஜூன், ஜூலையில் திறக்கின்றன. ஆகவே அங்கே ஒரு பருவம் படிக்கப் போனால் இங்கே இரண்டு செமஸ்டர்கள் அடிபடும் வாய்ப்பு உண்டு.

புறப்படும் முன் துறைத் தலைவரையும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தையும் நேரில் பாருங்கள். அங்கே பெறும் கிரெடிட்கள் இங்கே ஏற்கப்படுமா, வருகைப் பதிவுக் குறைவை எப்படிச் சரிசெய்வார்கள், விடுபடும் தாள்களை எப்போது எழுதலாம், இல்லாத செமஸ்டருக்கும் கட்டணம் கட்ட வேண்டுமா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி, துறைத் தலைவர் மாறினால் போய்விடும். நான்கு வருடப் பொறியியல் மாணவருக்கு மூன்றாம் ஆண்டு ஏற்ற காலம். இறுதியாண்டில் போனால் கேம்பஸ் இன்டர்வியூக்கள் கைநழுவும். மூன்று வருடப் பட்டப்படிப்பில் இருப்பவர்கள் பட்டம் வாங்கிய பிறகு மொழிப்பள்ளிக்குப் போவது பல நேரங்களில் எளிது.

எந்த நிலையில் போவது?

ஜே.எல்.பி.டி 1984-ல் தொடங்கிய தேர்வு. 2010 முதல் ஐந்து நிலைகள்: என்-5 அடிப்படை, என்-1 உச்சம். மொழிப்பள்ளிகள் பொதுவாக என்-5 சான்றிதழையோ 150 மணி நேரம் படித்ததற்கான சான்றையோ கேட்கின்றன. விசாவுக்கு அது போதும். படிப்புக்குப் போதாது.

காரணம் எளிமையானது. அங்கே போய் இறங்கியதும் ஒரு தேர்வு வைத்து வகுப்பு பிரிப்பார்கள். என்-5 அளவோடு போகிறவர் தொடக்க வகுப்பில் உட்காருவார். சென்னையிலோ கோவையிலோ சில ஆயிரம் ரூபாய் செலவில் படித்திருக்கக்கூடிய அதே பாடங்களை, லட்சக்கணக்கில் செலவழித்து டோக்கியோவில் படிப்பார். 'மின்னா நோ நிஹோங்கோ' என்ற பாடநூலைப் பல வகுப்புகளில் பார்க்கலாம். அதன் முதல் 25 பாடங்கள் என்-5 அளவு. ஐம்பது பாடங்களையும் முடித்தால் என்-4 அளவு. ஐம்பதையும் இங்கேயே முடித்துவிட்டுப் போகிறவர் நேராக இடைநிலை வகுப்பில் சேர்வார். ஒரு வருடம் உழைத்தால் நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கும் என்-2 அவருக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுவோருக்கு மிகக் கடினமான மொழிகளின் பட்டியலில் ஜப்பானியத்தை வைத்திருக்கிறது: 88 வாரங்கள், 2,200 வகுப்பு மணி நேரம். ஒரு வருட வெளிநாட்டுப் படிப்பு தனியாக இந்தத் தூரத்தைக் கடத்திவிடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

தமிழில் யோசியுங்கள்

அந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுவோருக்கு. தமிழ் பேசுபவருக்கு இலக்கணப் பாதை நன்றாகவே சுருங்கும். இங்குள்ள வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கில விளக்கத்தோடு நடப்பதால் இந்தச் சாதகத்தை நம் மாணவர்கள் பயன்படுத்துவதே இல்லை. ஜப்பானிய வாக்கியம் தமிழைப் போலவே வினையில் முடிகிறது. வேற்றுமை உருபுகளைப் போன்ற இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. 'நேற்று வந்த பையன்' என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைப்பது போலத்தான் அவர்களும் வைக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும் 'தே' வடிவம், நமக்கு வினையெச்சம். சாப்பிட்டுப் பார், வாங்கி வை, கொண்டு வா, முடித்துவிடு போன்ற கூட்டுவினைகள் அங்கேயும் அதே அமைப்பில், ஒத்த துணைவினைகளோடு வருகின்றன. கோரெ, சோரெ, அரெ என்ற மூன்று சுட்டுகளைக் கண்டு மற்றவர்கள் திகைப்பார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் வாழும் இது, உது, அது தெரிந்தவருக்கு அவை புதிதல்ல.

இந்த ஒற்றுமைகளை வைத்துத்தான் ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு, இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். யாழ்ப்பாணப் பேராசிரியர் அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இருவரும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். அந்த உறவை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மாணவருக்கு அந்த விவாதம் தேவையில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போகிறது என்பது போதும். ஜப்பானிய வாக்கியத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் தலைகீழாகப் புரட்டாமல், தமிழில் வைத்துப் பாருங்கள்.

ஒலியிலும் ஒரு சாதகம் உண்டு. குறில், நெடில் வேறுபாடு நம் காதில் ஊறியது. ஒபசன் என்றால் அத்தை, ஒபாசன் என்றால் பாட்டி. இந்த வேறுபாட்டில் தமிழர் தடுமாறுவது குறைவு. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஜப்பானிய வாக்கியங்களுக்கு மேலே தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொண்டு படிக்கும் பழக்கம் நம் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. தங்கத்துக்கான சொல்லையும் வெள்ளிக்கான சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'கின்' என்றுதான் வரும். ஒன்று வல்லொலி, மற்றது மெல்லிய 'க'. நம் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது. எனவே முதல் மாதத்திலேயே 46 ஹிரகானா, 46 கதகானா எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகிவிட்டு, தமிழ், ஆங்கில எழுத்துகளை ஓரமாக வைத்துவிடுங்கள்.

கான்ஜிக்குச் சலுகை இல்லை

இலக்கணத்தில் கிடைக்கும் சலுகை கான்ஜியில் கிடையாது. அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் 2,136 கான்ஜிகள் இருக்கின்றன. ஆரம்பப் பள்ளி முடிப்பதற்குள் ஒரு ஜப்பானியக் குழந்தை 1,026 கான்ஜிகளைப் படித்துவிடுகிறது. சீன எழுத்து தெரிந்த மாணவர்கள் இதில் உங்களுக்கு வெகுதூரம் முன்னால் இருப்பார்கள். வகுப்பின் வேகமும் பல இடங்களில் அவர்களை வைத்தே அமையும்.

ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்புகள் இருப்பதால் தனி எழுத்தாக மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்லாகப் படியுங்கள். உறுப்புகளாகப் பிரித்துப் பாருங்கள். எழுதும் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு எழுத்து, விடாமல் மறுபார்வை என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் அறுநூறு, எழுநூறு கான்ஜிகள் கைவசமாகும். என்-4-க்கு அது தாராளம். மறுபார்வைக்கு ஆங்கி போன்ற செயலிகள் உதவும். கட்டம் போட்ட தாளில் கட்டுரை எழுதும் பயிற்சியையும் இப்போதே தொடங்குங்கள். அங்கே சாகுபுன் என்ற கட்டுரை வகுப்பு தவறாமல் இருக்கும்.

வாய் திறக்கப் பழகுங்கள்

ஜே.எல்.பி.டி-யில் பேச்சுத் தேர்வு கிடையாது. சொந்தமாக எழுதிக் காட்டும் பகுதியும் கிடையாது. எல்லாமே விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். அதனால்தான் சான்றிதழ் வைத்திருப்பவரும் மருந்துக் கடையில் வாயடைத்து நிற்க நேர்கிறது. ஒலிப்பதிவைக் கேட்டுக்கொண்டே கூடவே சொல்லிப் பழகும் ஷேடோயிங் பயிற்சியைத் தினமும் பதினைந்து நிமிடம் செய்யுங்கள். ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்டுள்ள 'இரோதோரி' பாடநூல் ஒலிக்கோப்புகளோடு இலவசமாகக் கிடைக்கிறது. கடை, நகராட்சி அலுவலகம், ஆஸ்பத்திரி என்று வாழ்க்கைக்குத் தேவையான உரையாடல்கள் அதில் இருக்கின்றன. என்.எச்.கே-வின் எளிய ஜப்பானியச் செய்திகளைப் படியுங்கள்.

மரியாதை வழக்கையும் இங்கேயே தொடங்கிவிடலாம். எதிரே இருப்பவரை 'அனதா' என்று அழைக்காமல் பெயரோடு 'சன்' சேர்ப்பது, ஆசிரியரை 'சென்செய்' என்பது, மேலோரைப் பற்றிப் பேசும் வினையும் நம்மைத் தாழ்த்திப் பேசும் வினையும் வேறாக இருப்பது ஆகியவை அங்கே அன்றாடம். பாட்டியிடம் ஒரு மாதிரியும் நண்பனிடம் ஒரு மாதிரியும் பேசி வளர்ந்த நமக்கு இதன் தேவையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடிவங்களைப் பழகினால் போதும்.

28 மணி நேரம் எனும் மாயை

'வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம், ஃபீஸ், வாடகை எல்லாம் அதிலேயே வந்துவிடும்' என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். அனுமதி பெற்ற மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம் என்பது உண்மை. நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம்வரை பார்க்கலாம். 2025 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென் ஆனது. 28 மணி நேரமும் முழுதாக உழைத்தால் நான்கு வாரங்களுக்கு சுமார் 1,37,000 யென்.

இப்போது செலவைப் பாருங்கள். 8 லட்சம் யென் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 66,000 யென் தாண்டும். அதற்கு மேல் வாடகை, சாப்பாடு, ரயில், காப்பீடு, போன். மொழி போதாத முதல் சில மாதங்களில் நல்ல வேலையும் கிடைக்காது. கிடைப்பது பெரும்பாலும் இரவு நேரத்தில் பொட்டலம் கட்டும் வேலை. இரவெல்லாம் வேலை, காலையில் வகுப்பில் தூக்கம் என்றானால் போன காரியமே கெடும். அளவை மீறி உழைத்தால் விசா நீட்டிப்பு மறுக்கப்படலாம், நாட்டைவிட்டு வெளியேற்றவும்படலாம். வகுப்புக்குப் போகாவிட்டாலும் அதே சிக்கல்தான். முதல் வருடக் கட்டணமும் ஆறு மாதச் செலவும் கையில் இல்லாமல் புறப்படாதீர்கள். பகுதிநேர வேலையை மொழிப் பயிற்சிக்கும் கைச்செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களும் பெட்டியும்

நீண்டகால மாணவருக்கு முதலில் வர வேண்டியது சி.ஓ.இ என்ற தகுதிச் சான்றிதழ். நீங்கள் அனுப்பும் ஆவணங்களை வைத்துப் பள்ளியோ பல்கலைக்கழகமோ ஜப்பானின் குடிவரவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கும். பரிசீலனைக்கு ஒன்று முதல் மூன்று மாதம் ஆகலாம். சான்றிதழ் வந்த மூன்று மாதங்களுக்குள் விசா பெற்று நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். மதிப்பெண் பட்டியல், வங்கி இருப்புச் சான்று, செலவை ஏற்கும் பெற்றோரின் வருமானச் சான்று எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்பா பெயரையே குடும்பப் பெயராக எழுதும் நம் வழக்கத்தால் வரும் குழப்பங்களை முன்கூட்டியே சரிசெய்வது நல்லது. ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் ஐந்தாறு மாதம் முன்னதாக எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் அலட்சியம் கூடாது. சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்துகளுக்கு ஜப்பானில் தடை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவில் டாக்டர் எழுதித்தந்த மருந்து கொண்டுபோனால் முன்அனுமதிச் சான்று வாங்க வேண்டும். இறைச்சி சேர்ந்த உணவுப் பொருட்களைக் கொண்டுபோக முடியாது. தாவரச் சான்றிதழ் இல்லாத பச்சைக் காய்கறி, பழம், கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை. சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: காய்கறி மட்டுமே மிதக்கும் சூப்பிலும் பெரும்பாலும் மீனில் இறக்கிய தாஷி இருக்கும். சாம்பார் வைக்கவும் சாதம் வடிக்கவும் அம்மாவிடம் கற்றுக்கொண்டு போங்கள். டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியர்கள் அதிகம் வசிப்பதால் பருப்பும் மசாலாவும் அங்கே கிடைக்கும்.

இறங்கியதும் பெரிய விமான நிலையங்களில் குடியிருப்பு அட்டை தருவார்கள். வேலை அனுமதிக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். வீடு முடிவான 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டும் உங்கள் பங்கு. 20 வயது நிறைந்தவர் ஓய்வூதியத் திட்டத்திலும் சேர்க்கப்படுவார். அப்போதே கட்டணச் சலுகைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ், தீயணைப்பு 119. நிலநடுக்கம் வந்தால் ஒதுங்க வேண்டிய இடம் எது என்று குடியேறிய முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்.

பன்னிரண்டு மாதத் திட்டம்

முதல் இரண்டு மாதம்: இரு எழுத்துமுறைகளும் அடிப்படை வாக்கியங்களும். கல்லூரியில் கிரெடிட் பற்றிய பேச்சைத் தொடங்குங்கள். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் விண்ணப்பியுங்கள்.

மூன்று முதல் ஐந்தாம் மாதம்: முதல் 25 பாடங்கள், முந்நூறு கான்ஜி. வழியைத் தேர்ந்தெடுத்து பல்கலைக்கழகங்களுக்கும் பள்ளிகளுக்கும் நீங்களே கடிதம் எழுதுங்கள்.

ஆறு முதல் ஒன்பதாம் மாதம்: அடுத்த 25 பாடங்கள், ஜே.எல்.பி.டி என்-4. விண்ணப்பமும் ஆவணங்களும் இந்தக் காலத்தின் தொடக்கத்திலேயே போய்ச் சேர வேண்டும்.

கடைசி மூன்று மாதம்: பேச்சு, கேட்டல், கட்டுரை. விசா, மருந்து, சமையல்.

பெற்றோருக்கும் கல்லூரிகளுக்கும்

தமிழகத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் பல இருந்தும், இங்குள்ள கல்லூரிகளில் ஜப்பானிய மொழி பெரும்பாலும் சான்றிதழ் வகுப்பாகவே நின்றுவிடுகிறது. முழுப் பட்டப்படிப்புத் துறைகள் வந்தால்தான் மெக்ஸ்ட் உதவித்தொகை நம் பிள்ளைகளுக்கும் எட்டும். பரிமாற்ற ஒப்பந்தங்கள் புகைப்படத்தோடு நின்றுவிடாமல், கிரெடிட் ஏற்கும் விதிகளோடு கையெழுத்தாக வேண்டும். பெற்றோர் நகையை அடகு வைத்து ஏஜென்ட்டிடம் கொடுக்கும் முன், பிள்ளை என்-4 எழுதித் தேறியிருக்கிறாரா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

மாணவர்களே, ஒரு வருடம் தள்ளிப் போவதால் நஷ்டம் எதுவும் இல்லை. தயாராகாமல் போய்த் திரும்பினால் பணமும் போகும், மனமும் உடையும். இன்று மாலையே ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து ஹிரகானாவின் முதல் ஐந்து எழுத்துகளை எழுதுங்கள். என்-4 கைக்கு வந்த பிறகு டிக்கெட்டைப் பற்றிப் பேசலாம்.